விடுப்பில் தங்கும் முகவரி

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பொய்யாகிவிடும் என்பதால் நீ நலமா என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போன தடவை வந்தபோது சட்டைக்குள் ஆள் இருக்கிறானா என்று தேட வேண்டியிருந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். ஆறு மாதமாக எனக்கு ரத்தப்போக்கு அதிகமாக இருக்கிறது. விடுதியின் சலவைக் கூடத்தில் எனக்கு மேற்பார்வை வேலை. காலையிலிருந்து சாயங்காலம்வரை என்னைச் சுற்றி வெள்ளைப் படுக்கை விரிப்புகள்தான். அவற்றின் நடுவே கறுப்புப் புடவையைக் கட்டிக்கொண்டு, எங்கே உட்கார்ந்தாலும் எழுந்ததும் திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன். போன வாரம் டாக்டரம்மாவிடம் காட்டினேன். கர்ப்பப்பையில் கட்டியாம். "பயப்படற மாதிரி இல்லம்மா. ஆனா எடுத்துத்தான் ஆகணும்" என்றார்.

உன் மாமாவுக்குச் சொல்லவில்லை. கப்பலில் அவருக்குச் செப்டம்பர்வரை ஒப்பந்தம். கேள்விப்பட்டால் அடுத்த துறைமுகத்திலேயே இறங்கிவிடுவார். அப்புறம் அந்தக் கம்பெனி அவரை ஏறெடுத்தும் பார்க்காது. மாமியாரிடமும் சொல்லவில்லை. அவருக்கு ஒரு சேதி தெரிந்தால் அது கப்பலைவிட வேகமாகப் போய்விடும். போனும் அவர் உட்காரும் நாற்காலிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதனால்தான் கடிதம். பதிலைச் சலவைக் கூடத்து முகவரிக்கே போடு.

ஆப்பரேஷனுக்குச் சொந்தத்தில் ஒருவர் கையெழுத்துப் போட்டு, ராத்திரி வார்டுக்கு வெளியே இருக்க வேண்டுமாம். எனக்கு இருப்பது நீ ஒருவன்தான். நான் கண் விழிக்கும்போது தெரிந்த முகம் ஒன்று எதிரே இருந்தால் போதும்.

அன்புடன்,
அக்கா

ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து மனசே சரியில்லை. மாத்திரைகளைத் தவறாமல் சாப்பிடு. நான் சௌக்கியம். சட்டை மட்டும் இன்னும் பெரியதாகத்தான் இருக்கிறது.

இதெல்லாம் கேட்க வேண்டிய விஷயமா? தேதியைச் சொல். முதல் நாளே வந்து நிற்பேன்.

நான் பார்வையில்லாதவர்களுக்குத் தேர்வு எழுதிக் கொடுப்பதை உனக்குச் சொல்லியிருக்கிறேன் அல்லவா? அவர்கள் சொல்லச் சொல்ல நாம் எழுத வேண்டும், அவ்வளவுதான். இந்த வருஷம் எனக்குக் கிடைத்திருப்பவர் ஒரு டெலிபோன் ஆபரேட்டர். முப்பத்தெட்டு வயதுப் பெண்மணி. அஞ்சல் வழியில் பட்டப்படிப்பு. எட்டு வருஷத்துக்குள் முடிக்க வேண்டும், இது எட்டாவது வருஷம். முடித்தால் மேற்பார்வையாளர் பதவி, இல்லையென்றால் கடைசிவரை அதே நாற்காலி. என் எழுத்தின் வேகமும் அவர் பேச்சின் வேகமும் பழகிவிட்டதால் இனி வேறு ஆள் வேண்டாம் என்கிறார்.

சிக்கல் எங்கள் மேலாளரால்தான். லீவு கேட்டால் அவருடைய சொத்தில் பங்கு கேட்டதுபோலப் பார்ப்பார். "ஊர்சேவைக்கெல்லாம் லீவு கெடையாதுப்பா. வீட்ல யாருக்காவது ஒடம்பு சரியில்லன்னா சொல்லு, பாக்கலாம்" என்றார். எப்படியோ சமாளிக்கிறேன். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று அம்மா சொல்வாளே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி

பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

உன் நலம் அறிய ஆவல். இங்கே வழக்கம்போல.

அம்மா சொன்னது சரிதான். ஆனால் உனக்குப் பிள்ளையும் இல்லை, ஊட்ட ஆளும் இல்லை. நீ எந்த நம்பிக்கையில் அந்தப் பழமொழியைப் பிடித்துக்கொண்டாய் என்று தெரியவில்லை. இருக்கட்டும். எட்டு வருஷம் விடாமல் படிப்பவளுக்கு எழுதிக் கொடுப்பது நல்ல காரியம். என் தம்பி இப்படி என்று சலவைக் கூடத்தில் எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டேன்.

ஆப்பரேஷன் பிப்ரவரி இருபத்தாறு என்று கார்டு போட்டிருந்தேன் அல்லவா, அது தள்ளிப்போகிறது. ரத்தம் குறைவாம். "இந்த அளவோட மேஜைல ஏத்த மாட்டேன்" என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். இரண்டு மூன்று மாதம் மாத்திரையும் ஊசியுமாக ஓட்ட வேண்டும். நீ லீவு வாங்கியிருந்தால் ரத்து செய்துவிடு. பின்னால் தேவைப்படும்.

நேற்று இயந்திரத்திலிருந்து ஈர விரிப்புகளை எடுக்கும்போது தலை சுற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரும் பார்க்கவில்லை. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்.

அன்புடன்,
அக்கா

ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குத் திட்டாதே. நான் நலம். உன் தலைசுற்றல் குறைந்ததா?

இங்கே ஒரே ஓட்டம். ஆபரேட்டருக்கு நான்கு தாள் முடிந்துவிட்டது. இன்னும் ஒன்றுதான் பாக்கி. பொருளாதாரத் தாளில் ஒரு வரைபடம் கேட்டிருந்தார்கள். அவர் கையை மேஜைமேல் நகர்த்தி நகர்த்திக் காட்ட, நான் அப்படியே வரைந்தேன். வெளியே வந்ததும் "இன்னிக்கு நானே வரஞ்ச மாதிரி இருந்துச்சு சார்" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே நூறு தாள் எழுதலாம் என்றிருந்தது, அக்கா. ஆபீஸில் ஒன்பது வருஷமாகக் கோப்பு தள்ளுகிறேன், ஒருத்தர் அப்படிச் சொன்னதில்லை.

மேலாளர்கூட இப்போதெல்லாம் கொஞ்சம் மனுஷனாகிவிட்டார். உன் உடம்பு நன்றாகத் தேறிவிட்டதா என்று அவராகவே கேட்டார்.

ஆப்பரேஷன் தேதி தெரிந்ததும் எழுது.

உன் தம்பி

ஏப்ரல் 16

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? உன் மேலாளர் என் உடம்பு "தேறிவிட்டதா" என்று ஏன் கேட்டார்? எனக்குத்தான் இன்னும் ஒன்றும் நடக்கவே இல்லையே. இது நம் இரண்டு பேருக்குள் இருக்கட்டும் என்றுதானே சொன்னேன்.

உடனே பதில் போடு.

அக்கா

மே 24

தம்பிக்கு,

ஐந்து வாரம் காத்திருந்தேன். நீ பதில் போடவில்லை. உன் ஆபீஸ் போட்டுவிட்டது.

நேற்று வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் மாமியார் கூடத்தின் நடுவில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். கையில் ஒரு வாழ்த்து அட்டை. பூப்போட்டது. உள்ளே பதினான்கு பேர் கையெழுத்து. "இரண்டு அறுவை சிகிச்சைகளையும் துணிவோடு எதிர்கொண்ட எங்கள் நண்பரின் சகோதரி விரைவில் பூரண நலம் பெற வாழ்த்துகிறோம்." உன் மேலாளர் எல்லோருக்கும் மேலே, பெரிதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

லீவு விண்ணப்பத்தில் விடுப்பில் தங்கும் முகவரி என்று ஒரு வரி உண்டாமே? அதில் என் வீட்டு முகவரியைப் போட்டிருக்கிறாய். நான் கடிதம்கூட வரக்கூடாது என்று காபந்து பண்ணி வைத்த முகவரி அது.

"மொத ஆப்பரேஷன் எப்ப நடந்துச்சு?" என்றார் மாமியார். "எதுக்கு நடந்துச்சு? எம் புள்ள கடல்ல கெடக்குறான். அவன் இல்லாத நேரத்துல, எனக்குத் தெரியாம, ரெண்டு தடவ ஆஸ்பத்திரிக்குப் போயி எதக் கலைச்சிட்டு வந்த?"

தம்பி, பதினோரு வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறேன். எங்களுக்குக் குழந்தை இல்லை என்பதற்குக்கூட அவர் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. நேற்று அந்த வார்த்தையைக் கேட்டேன். ராத்திரி முழுக்க அந்தக் கதவும் திறக்கவில்லை, இந்தக் கதவும் திறக்கவில்லை. விடிந்ததும் அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போய், அவர் வாயாலேயே எல்லாவற்றையும் சொல்ல வைத்தேன். நான் கெட்டவள் இல்லை என்பதற்கு டாக்டர் சாட்சி சொல்ல வேண்டியதாகிவிட்டது. மகனுக்கு எழுத மாட்டேன் என்று மட்டும் ஒப்புக்கொண்டிருக்கிறார். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை.

ஆப்பரேஷன் ஜூன் பதினான்கு. காலை எட்டு மணிக்கு. இத்தனைக்கும் பிறகும் உன்னைத்தான் கூப்பிடுகிறேன். என்ன செய்ய, கூடப் பிறந்த பிறப்பு அப்படி. வந்து கையெழுத்துப் போடு. சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

அக்கா

மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

உன் நலம் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

முதல் தடவை நான் பொய் சொல்லவில்லை, நம்பு. பிப்ரவரி இருபத்தாறுக்கு உன் ஆப்பரேஷன் என்று உண்மையாகத்தான் மூன்று நாள் லீவு வாங்கினேன். நீ தள்ளிப்போய்விட்டது என்று எழுதினாய். அந்த மூன்று நாளிலும் ஆபரேட்டருக்குத் தாள்கள் இருந்தன. ரத்து செய்ய ஆபீஸுக்குப் போனவன், ரத்து செய்யாமல் திரும்பிவிட்டேன். வீணாகப் போகிற லீவுதானே, யாருக்கு நஷ்டம் என்று நினைத்தேன்.

ஏப்ரலில் அடுத்த தாள் வந்தபோது வேறு காரணம் வாயில் வரவில்லை. "அக்காவுக்கு மறுபடி ஆப்பரேஷன் சார்" என்றேன். அவர் எழுந்து வந்து தோளைத் தட்டினார். அப்போதே செத்துப் போயிருக்கலாம். வாழ்த்து அட்டை அனுப்பியது எனக்குத் தெரியாது. உன் கேள்விக்குப் பதில் எழுத எத்தனையோ தடவை உட்கார்ந்தேன். கை ஓடவில்லை.

மாமியாரிடம் நானே வந்து சொல்கிறேன், காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன். ஜூன் பதிமூன்று சாயங்காலம் அங்கே இருப்பேன். இது சத்தியம். லீவு கொடுத்தாலும் சரி, கொடுக்காவிட்டாலும் சரி.

உன் தம்பி

ஜூன் 10

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? இதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

ஆபரேட்டரின் கடைசித் தாளை மாற்றிவிட்டார்கள். ஜூன் பதினான்கு, காலை பத்து மணி. எழுதித் தருபவர் பெயரை ஒரு வாரம் முன்பே பதிந்தாக வேண்டும். இனி மாற்ற முடியாது. நான் போகாவிட்டால் அவர் எட்டு வருஷமாகப் படித்ததெல்லாம் ஆற்றில் கரைத்த புளிதான்.

உனக்கு இப்போது மாமியாராவது இருக்கிறார். அவருக்கு நான் மட்டும்தான். நீ எதையும் சமாளித்துவிடுவாய் அக்கா, சின்ன வயதிலிருந்தே அப்படித்தானே. நீ "வா" என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வருகிறேன்.

நல்லபடியாக நடக்கும்.

உன் தம்பி

ஜூலை 5

மதிப்புக்குரிய அக்கா அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் என்னைவிட மூத்தவரா இளையவரா தெரியாது; உங்கள் தம்பி அக்கா அக்கா என்று சொல்லிச் சொல்லி எனக்கும் அதுவே வருகிறது. நான்தான் டெலிபோன் ஆபரேட்டர். இதை எழுதித் தருபவர் பக்கத்து வீட்டுத் தையல்காரர். பிழை இருந்தால் அது அவருடையது, விஷயம் என்னுடையது.

உடம்பு இப்போது எப்படி இருக்கிறது? தையல் பிரித்துவிட்டார்களா? பாஸானதும் முதலில் உங்களுக்குத்தான் எழுத வேண்டும் என்று உங்கள் முகவரியைத் தம்பியிடம் எப்போதோ கேட்டு வாங்கி வைத்திருந்தேன். அந்தக் கொடுப்பினை இல்லை. ஆனாலும் நன்றி சொல்ல வேண்டியது பாக்கி இருக்கிறதே.

பிப்ரவரியில் எனக்காக உங்கள் ஆப்பரேஷனையே தள்ளிப் போட்டீர்களாம். "அக்காவே போயிட்டு வாடான்னு அனுப்பிட்டாங்க" என்று தம்பி சொன்னார். முகம் தெரியாத ஒருத்திக்காக யார் அப்படிச் செய்வார்கள்? அதனால்தான் ஜூன் பதிமூன்றாம் தேதி சாயங்காலம் அவர் போன் செய்து, "நாளைக்கு அக்காவுக்கு ஆப்பரேஷன், நான் போயாகணும்" என்று தயங்கித் தயங்கிச் சொன்னபோது, நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "மொதல்ல கெளம்புங்க சார். பரிச்ச கெடக்குது, அக்காதான் முக்கியம்" என்றேன். அவர் அழுதுவிட்டார்.

மறுநாள் ஒருவேளை வேறு ஆள் தருவார்களோ என்று தேர்வுக் கூடத்துக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு மணி நேரம் உட்கார வைத்து, விதியில் இடமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். எட்டு வருஷ அவகாசம் அன்றோடு முடிந்தது. பரவாயில்லை. பழைய நாற்காலி பழகின நாற்காலிதான்.

அன்றிலிருந்து தம்பி போன் செய்யவில்லை. என் தேர்வு போனதில் மனம் வருந்துகிறாரோ என்னவோ. எனக்குக் கோபமே இல்லை என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். நீங்கள் கண் திறந்தபோது அவர் பக்கத்தில் இருந்தாரே, அது போதும் எனக்கு.

இப்படிக்கு,
ஆபரேட்டர்

ஜூலை 9

தம்பிக்கு,

இதோடு ஒரு கடிதத்தின் நகல் இருக்கிறது. படித்துவிட்டு மேலே படி.

உன் ஜூன் பத்தாம் தேதிக் கடிதம் எனக்குப் பதிமூன்றாம் தேதி மத்தியானம் கிடைத்தது. "வா" என்று ஒரு வார்த்தை சொல்லச் சொன்னாய். சொன்னாலும் உன்னை வந்து சேராது என்று தெரிந்த நாளில். அதையும் பொறுத்துக்கொண்டேன். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காராத மாமியார்தான், முழங்கால் வலியோடு மூன்று மாடி ஏறி வந்து கையெழுத்துப் போட்டார். ராத்திரி வராந்தாவில் தரையில் படுத்தார். "அந்தப் பய வரலையா?" என்று இரண்டு தடவை கேட்டார். "இல்ல அத்த, ஒரு பொண்ணுக்குப் பரிச்ச எழுதிக் குடுக்கப் போயிருக்கான்" என்றேன். அப்போதும் உன்னை விட்டுக் கொடுக்கவில்லை. மயக்கம் தெளிந்து வலி தாங்காமல் கிடந்தபோது, போகட்டும், அந்தப் பெண்ணாவது பாஸாகட்டும் என்றுதான் நினைத்தேன். என் கையால் அவளுக்கு ஒரு நல்லது நடந்ததாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவளும் அதே நேரத்தில் அங்கே உட்கார்ந்து என்னைப் பற்றி அதையே நினைத்திருக்கிறாள்.

கட்டியைச் சோதித்துவிட்டார்கள். பயமில்லை. இதை நீ கேட்காமலே சொல்கிறேன்.

ஜூன் பதினான்காம் தேதி நீ எங்கே இருந்தாய்?

அக்கா

ஜூலை 28

அக்கா,

கட்டி பயமில்லாதது என்று படித்ததும் உட்கார்ந்து அழுதேன். நீ நம்ப மாட்டாய்.

ஆபீஸில் இருந்தேன்.

பதிமூன்றாம் தேதி, ஆபரேட்டரின் தாளுக்காக, மறுபடி உன் ஆப்பரேஷனைச் சொல்லி லீவு கேட்டேன். "ரெண்டு ஆப்பரேஷன் முடிஞ்சு கார்டும் அனுப்பியாச்சு. இது மூணாவதா? டாக்டர் சீட்டு எடுத்துட்டு வா" என்றார் மேலாளர். சீட்டு கொடுத்தால் பழைய இரண்டும் பொய் என்று தெரிந்துவிடும். அந்த வாரம் தணிக்கை வேறு. சொல்லாமல் நின்றுவிட்டால் விசாரணை வைப்பேன் என்றார். அடுத்த மாதம் பதவி உயர்வுப் பட்டியல்.

உனக்கு ஏற்கெனவே வரவில்லை என்று எழுதிவிட்டேன். ஆபரேட்டருக்கு என்ன சொல்வது? ஆபீஸ் விடவில்லை என்றால் மனம் உடைந்து போவார். உன் பெயரைச் சொன்னால் அவரே போகச் சொல்வார் என்று தெரியும். சொன்னேன். போகச் சொன்னார்.

அன்று காலை எட்டு மணிக்கு உன்னை நினைத்தேன். பத்து மணிக்கு அவரை நினைத்தேன். பேனாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். மேலாளர் என்னைக் கடந்து போகும்போது "வெரி குட்" என்றார்.

நான் சேவை செய்ததெல்லாம் நடிப்பில்லை அக்கா. உன்மேல் பாசமும் நடிப்பில்லை. மூன்று பக்கமும் இழுத்தார்கள். நீங்கள் இரண்டு பேரும் என்றைக்காவது மன்னித்துவிடுவீர்கள் என்று தோன்றியது. மேலாளர் மன்னிக்க மாட்டார். அதனால்தான்.

உன் தம்பி

ஆகஸ்ட் 2

தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது.

மன்னிப்போம் என்று நீயாகவே முடிவு கட்டிக்கொண்டாய். எங்கள் இரண்டு பேரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டுகிறவனுக்குப் பயந்தாய், திட்டாதவர்களை விட்டுவிட்டாய். எத்தனையோ பேர் அப்படித்தான் இருக்கிறார்கள். நீ அப்படி இல்லை என்றுதான் நான் சலவைக் கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

ஆபரேட்டருக்கு உண்மையை எழுதிவிட்டேன். நீ என் பக்கத்தில் இருந்தாய் என்று எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். அவள் அதையாவது வைத்துக்கொள்ளட்டும் என்று. முடியவில்லை. நம் வீட்டிலிருந்து அவளுக்குப் போன பொய்கள் போதும். அதைப் படித்துக் காட்டும்போது தையல்காரருக்குத்தான் கஷ்டமாக இருந்திருக்கும். அவளிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. உனக்கு வந்தால் அது உன் பாடு.

வேலைக்குத் திரும்பிவிட்டேன். கனமான மூட்டை தூக்கக் கூடாதாம். உன் மாமா அடுத்த மாதம் வருகிறார். ஆப்பரேஷன் விஷயத்தை அவரிடம் நானே சொல்லிக்கொள்வேன். மாமியார் மறுபடி என்னோடு முறுக்கிக்கொள்ளாமல் பேச ஆரம்பித்திருக்கிறார். அந்த வார்த்தையைச் சொன்னதற்கு அவர் இன்னும் வருத்தம் தெரிவிக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மறுபரிசோதனைக்கு ஒரு நாள் கொடுத்திருக்கிறார்கள். கூட வருகிறவர் பெயரைக் கேட்டார்கள், மாமியார் பெயரைக் கொடுத்துவிட்டேன். தேதியை உனக்கு எழுதப் போவதில்லை. எழுதினால் நீ அதற்கும் லீவு வாங்கிவிடுவாய்.

அக்கா